கழிக்கத் தெரியாத மருத்துவம்

ஒரு மாத்திரையை ஆரம்பிக்க நம்ம ஊரில் இரண்டு நிமிஷம் போதும். அதை நிறுத்தணும்னா ஆளே கிடையாது. எழுதிக்கொடுத்த டாக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் 'அவர் எழுதினது, நான் எதுக்குக் கை வைக்கணும்' என்கிறார். மெடிக்கல்காரர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். மகன் ஜிபேயில் பணம் அனுப்புகிறான். ஆயா முழுங்குது. இந்த வரிசையில் ஒருவர்கூட 'இது இன்னும் தேவையா?' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்பதை நாம் யாருடைய வேலையாகவும் வைக்கவில்லை. என்னுடைய புகார் அதுதான்.

கண்டாச்சிபுரத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைமையிடம். சுற்றிலும் நெல், கரும்பு, மல்லாட்டை போடுகிற ஊர்கள். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். வீட்டில் கிழவனும் கிழவியும். இங்கே எழுபதைத் தாண்டிய ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கெல்லாம் போவார்? சுகருக்கும் பிரஷருக்கும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். மூட்டு வலிக்குத் திருக்கோவிலூர். தலைசுற்றலுக்குத் திருவண்ணாமலையில் மருமகன் சொன்ன டாக்டர். நெஞ்சு வலித்தால் முண்டியம்பாக்கம். அங்கேயும் தீரவில்லை என்றால் ஜிப்மர். 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகித் திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போய்விட்டதால், இந்தக் கிழவர் தன் ஒரே உடம்பைத் தூக்கிக்கொண்டு மூன்று மாவட்டமும் ஒரு யூனியன் பிரதேசமும் சுற்றுகிறார். ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டு. ஒரு சீட்டு எழுதுகிறவருக்கு இன்னொரு சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எல்லாச் சீட்டும் ஒன்றுகூடுகிற ஒரே இடம், வீட்டு ஆணியில் தொங்குகிற துணிக்கடைப் பை.

அந்தப் பையைக் கொட்டிப் பாருங்கள். பிரஷருக்கு ஆம்லோடிபின் இருக்கும். சுகருக்கு மெட்ஃபார்மின் இருக்கும். அதே மெட்ஃபார்மின் கிளிமிபிரைடோடு சேர்ந்து வேறு பெயரில், வேறு அட்டையில், வேறு நிறத்தில் இன்னொரு தடவை இருக்கும். இரண்டும் ஒன்று என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அட்டையில் இருப்பது இங்கிலீஷ், ஆயாவுக்குத் தெரிவது நிறம். 'கேஸ் மாத்திரை' பாண்டப்ரசோல் இருக்கும். எந்த வருஷம், எதற்காக ஆரம்பித்தது என்று கேட்டால் பதில் வராது. 'சத்து மாத்திரை' இரண்டு வகை. வலிக்கு டைக்ளோஃபினாக். தலைசுற்றலுக்கு சின்னரிசின். தூக்கத்துக்கு அல்பிரசோலம், அதுவும் பாதி அட்டை. எண்ணினால் எட்டு, பத்து, பன்னிரண்டு.

மருத்துவ உலகம் பொதுவாக ஒருவர் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட்டால் அதைப் 'பல்மருந்துப் பயன்பாடு' என்று கணக்கு வைக்கிறது. ஐந்து என்பதே தப்பு என்று அர்த்தமில்லை. மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு ஐந்தும் தேவைப்படலாம். எண்ணிக்கையை வைத்து நான் சண்டை போடவில்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் இன்றைய தேதியில் ஒரு காரணம் இருக்கணும், அந்தக் காரணத்தைச் சொல்ல ஒரு ஆள் இருக்கணும். அவ்வளவுதான் கேட்பது.

*

இந்தக் கூட்டல் எப்படி நடக்கிறது என்பதற்கு ஒரு உதாரணம். ஆம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். இது அந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. வீக்கத்தைப் பார்க்கிற வேறொரு டாக்டர் 'உடம்புல நீர் சேருது' என்று ஃப்ரூசிமைட் எழுதுகிறார். நீர் மாத்திரை ராத்திரியில் நாலு தடவை எழுப்புகிறது. தூக்கம் போச்சு என்று போய் நின்றால் தூக்க மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தவர் இருட்டில் வாசற்படி தடுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு போகிறது. ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண். ஆறு மாதத்தில் பறை அடிக்கிறார்கள். சாவுக்கு வந்தவர்கள் சொல்வது: 'வயசாயிடுச்சு, விழுந்துட்டாங்க, அப்புறம் எழவே இல்ல.' ஆரம்பத்தில் ஆம்லோடிபினை மாற்றியிருந்தால் அல்லது அளவைக் குறைத்திருந்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்திருக்கும்.

இன்னொன்று, நம்ம பக்கம் ரொம்பச் சாதாரணமாகப் புழங்குவது. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசினை வாரக் கணக்கில் கொடுக்கலாம். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் கொடுத்தால் வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சி வற்றிப்போவது என்று பார்க்கின்சன் நோய் மாதிரியே வரலாம். அதைப் பார்க்கின்சன் என்றே எடுத்துக்கொண்டு டிரைஹெக்ஸிஃபெனிடில் எழுதினால், அது வயதான மூளையைக் குழப்பும், ஆள் அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பிப்பார், சிறுநீர் அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு மாத்திரை, இதற்கு ஒரு டியூப். இவ்வளவுக்கும் ஆரம்பம், இரண்டு வாரத்தில் நிறுத்தியிருக்க வேண்டிய ஒரு தலைசுற்றல் மாத்திரை.

மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாகப் படித்து, அதற்கு இன்னொரு மருந்து எழுதும் இந்த வரிசைக்கு 1990-களிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். பவுலா ரோஷன், ஜெர்ரி கர்விட்ஸ் என்ற இரண்டு முதியோர் மருத்துவ ஆய்வாளர்கள் 1997-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைப் பற்றி எழுதினார்கள். தமிழில் 'மருந்துத் தொடர்சரிவு' என்று சொல்லலாம். பெயர் வைத்துக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கிழவர்கள் இன்னும் சரிந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

வயதான உடம்பு, இளம் உடம்பின் சுருங்கிய பதிப்பு கிடையாது. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. மருந்து வெளியேறாமல் தங்குகிறது. தசை குறைந்துவிடுவதால் ரத்தத்தில் கிரியாட்டினின் 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரும். உண்மையில் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்துகொண்டிருக்கும். உடம்பில் நீர் குறைந்து கொழுப்பின் விகிதம் கூடுவதால் டயாசிபாம் மாதிரி கொழுப்பில் கரைகிற மருந்துகள் நாள்கணக்கில் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாற்பது வயதில் எழுதிய அளவு எண்பது வயதில் அதே அளவு இல்லை. ஆனால் சீட்டில் மட்டும் அது அப்படியே '1-0-1'.

அதோடு நம்ம ஊர் வாழ்க்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பசியில்ல, ராத்திரிக்கு வேணாம்' என்று வெறும் டீயோடு படுக்கிற ஆயா, கிளிமிபிரைடை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார். கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவர் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை விடாமல் இருக்கிறார். விடியற்காலை உடம்பெல்லாம் வேர்த்து, பேச்சு குளறினால் 'காத்து கருப்பு' என்று மந்திரிக்கப் போகிறார்கள். அது சர்க்கரை கீழே இறங்கியது. சித்திரை வெயிலில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டு போனால், மயங்கி விழுந்ததும் 'வெயில் தாங்கல' என்கிறோம். வெயில் மட்டுமா?

*

இதற்கு யாரைத் திட்டுவது? டாக்டர்களைத் திட்டுவது சுலபம். திட்டவும் வேண்டும். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியையும் கொஞ்சம் பார்க்கணும்.

ஒரு டாக்டர் ஒரு மாத்திரையைச் சேர்த்து அதனால் கெடுதல் வந்தால், அந்தக் கெடுதலுக்கு யார் பெயரும் கிடையாது. 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும். அதே டாக்டர் ஒரு மாத்திரையை நிறுத்தி, அதற்கு அடுத்த மாதம் வேறு ஏதோ காரணத்தால் பக்கவாதம் வந்தாலும், 'அந்த ஆள்தான் மாத்திரைய நிறுத்தினான்' என்று ஊரே விரலை நீட்டும். சேர்த்துக் கொல்வதற்குத் தண்டனை இல்லை. நிறுத்திக் காப்பாற்றுவதற்குப் பாராட்டு இல்லை. இப்படி ஒரு தராசை வைத்துவிட்டு, எந்த மனிதரிடமும் கழித்தலை எதிர்பார்க்க முடியாது.

கம்பெனிகளின் பங்கும் இருக்கிறது. இரண்டு, மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் அடைத்து விற்கும் கூட்டுக் கலவைகள் நம் நாட்டில் பெருகிக் கிடப்பதுபோல எங்கும் இல்லை எனும் அளவுக்குப் பெயர்பெற்றவை. ஒன்றிய அரசே 2016-இல் 344 கலவைகளைத் தடை செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், மறு ஆய்வுக்குப் பின் 2018-இல் 328 கலவைகளுக்குத் தடை வந்தது. 2024-இல் இன்னும் 156. மருத்துவ நியாயம் இல்லை என்று அரசு சொன்னவை இவை. அதுவரை அவற்றை முழுங்கியவர்கள் யார்? பெரும்பாலும் கேள்வி கேட்காமல் முழுங்கக்கூடியவர்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் சட்டமே தெளிவாக இருக்கிறது. அல்பிரசோலம், டயாசிபாம் எல்லாம் 2014 முதல் எச்1 பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் தரக்கூடாது; கொடுத்தால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்கணும். நீங்கள் எந்தச் சின்ன ஊரிலாவது போய், பழைய அட்டையைக் காட்டி 'இதுல பத்து' என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கடைகளில் பதிவேட்டை எடுக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

*

தமிழ்நாடு அரசைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் நிதானமாகப் பேசணும், ஏனென்றால் இங்கே உண்மையிலேயே பெருமைப்பட விஷயம் இருக்கிறது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாக வாங்கித் தரம் பார்த்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்புவதில் மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட அமைப்பு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. பஸ்ஸேற முடியாத கிழவிக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். 2024-இல் அதற்கு ஐ.நா.வின் விருதும் கிடைத்தது. மருந்தே கிடைக்காமல் பக்கவாதம் வந்து விழுந்த தலைமுறையை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் காலத்துக்குத் திரும்பணும் என்று யாராவது சொன்னால் அவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

என் சண்டை வேறு இடத்தில். வாசலுக்கு மாத்திரை வருகிறது. 'இந்த மாத்திரை இன்னும் வேணுமா' என்ற கேள்வி வரவில்லை. திட்டத்தின் வெற்றியை எத்தனை லட்சம் பேருக்குக் கொடுத்தோம் என்று எண்ணுகிறோம். எத்தனை பேருக்கு வருஷத்தில் ஒரு தடவை முழுப் பையையும் கொட்டிப் பார்த்தோம் என்ற எண்ணிக்கையை ஏன் கேட்பதில்லை? கேட்காத எண் யாருக்கும் வேலையாகாது.

இதை இன்னும் கசப்பாக்குவது, முதியோர் மருத்துவம் இந்தியாவில் பிறந்ததே இங்கேதான் என்பது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பும் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1996-இல் வந்தது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். எல்லாம் சென்னையில். கண்டாச்சிபுரத்திலிருந்து கிண்டி நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். 2021-க்கான மத்திய அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 13.6 பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்தபடி நாம்தான். இந்தக் கிழவர்கள் பெரும்பாலும் கிண்டியில் இல்லை. பிள்ளைகள் கிளம்பிப்போன ஊர்களில் இருக்கிறார்கள்.

*

'சரி, நிறுத்தினால் நல்லது நடக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கா?' நியாயமான கேள்வி. இருக்கிறது; அளவோடு இருக்கிறது.

மருந்துகளைத் திட்டமிட்டுக் குறைப்பதற்கு ஆங்கிலத்தில் 'டிப்ரிஸ்கிரைபிங்' என்ற சொல்லை 2003-இல் ஆஸ்திரேலியாவின் முதியோர் மருத்துவர் மைக்கேல் வுட்வார்ட் பயன்படுத்தினார். இஸ்ரேலில் டோரன் கார்ஃபிங்கல் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 70 பேர், சராசரி வயது 83-ஐ ஒட்டி, ஆளுக்குச் சராசரி 7.7 மருந்து. பரிந்துரைத்த மருந்துகளை நிறுத்தியபின் பழைய நோய் திரும்பியதால் மறுபடி தொடங்க வேண்டியிருந்தவை நூற்றுக்கு 2 மட்டுமே. 88 விழுக்காட்டினர் உடம்பு முன்னைவிடத் தேவலாம் என்றார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு. அதனால் இதை மட்டும் வைத்துக் கொடி பிடிக்க முடியாது.

2020-இல் இங்கிலாந்தில் நடந்த ஆய்வு இன்னும் கறாரானது. எண்பதும் அதற்கு மேலும் வயதான 569 பேர், இரண்டு அல்லது அதற்கு மேல் பிரஷர் மருந்து சாப்பிடுகிறவர்கள். ஒரு பாதிக்கு ஒரு மருந்தைக் குறைத்தார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மேல் பிரஷர் 150-க்குக் கீழே இருந்தவர்கள் குறைத்த பிரிவில் 86.4 விழுக்காடு, குறைக்காத பிரிவில் 87.7 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆஸ்பிரின்? 2018-இல் வந்த ஆஸ்ப்ரீ ஆய்வில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 முதியவர்கள். அதுவரை மாரடைப்போ பக்கவாதமோ வராதவர்கள். தினம் சிறிய அளவு ஆஸ்பிரின் கொடுத்ததில் ஊனமில்லாத ஆயுள் கூடவில்லை. பெரிய ரத்தக்கசிவுகள் கூடின. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கதை முற்றிலும் வேறு. அவர்களுக்கு ஆஸ்பிரின் உயிர்காப்பு. 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஒன்றுமே இல்லாதவருக்கு எழுதுவதைத்தான் சொல்கிறேன்.

சர்க்கரையை விரட்டி விரட்டிக் கீழே இறக்குவது பற்றியும் பாடம் இருக்கிறது. 2008-இல் அமெரிக்காவின் அக்கார்ட் ஆய்வில் 10,251 பேர். மூன்று மாதச் சர்க்கரையை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் 257 பேர் இறந்தார்கள், மற்றதில் 203. அந்தப் பிரிவைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இன்று பலவீனமான முதியவர்களுக்கு 8-ஐ ஒட்டி இருந்தால் போதும் என்று வழிகாட்டுதல்களே சொல்கின்றன. நம்ம ஊரில் எண்பத்தைந்து வயதுத் தாத்தாவுக்கு இன்னும் '110-க்கு மேல போயிடுச்சே' என்று லட்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறோம்.

பாதகமான முடிவையும் சொல்லிவிடணும். ஐரோப்பாவில் சுமார் 2,000 பேரை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆபரம் ஆய்வில், பொருந்தாத மருந்துகளைக் குறைத்தும்கூட மருந்தால் வரும் மருத்துவமனை அனுமதி குறிப்பிடும்படி குறையவில்லை. கெடுதலும் வரவில்லை. அதாவது மாத்திரையைக் குறைத்தால் அற்புதம் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கெடுதல் இல்லாமல் குறைக்க முடியும், சிலருக்கு வாழ்க்கை இலகுவாகும், விழுவதும் குழம்புவதும் குறைய வாய்ப்புண்டு, செலவு குறையும். எண்பது வயதில் இது போதாதா?

*

இப்போது எதிர்ப்பக்கம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் வாட்ஸப்பில் 'பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன், இங்கிலீஷ் மருந்து எல்லாம் விஷம்' என்று பகிரத் தயாராக இருப்பார். யூடியூபில் உட்கார்ந்துகொண்டு 'இன்னைக்கே எல்லாத்தையும் குப்பைல போடுங்க' என்கிறவர்கள் என் கூட்டாளிகள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற டாக்டருக்கும், கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தச் சொல்கிற இவர்களுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு: இரண்டு பேருமே அந்தக் கிழவரைப் பார்க்கவில்லை.

சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் ஆள் போய்விடுவார். அட்டினலால், மெட்டோபிரலால் மாதிரி மருந்துகளைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரலாம். குளோனிடின் விட்டால் பிரஷர் எகிறும். மாதக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டை விட்டால் உடம்பு நிலைகுலையும். வருஷக்கணக்கில் போட்ட அல்பிரசோலத்தை ஒரே நாளில் விட்டால் வலிப்பே வரலாம். வலிப்பு மருந்து, பார்க்கின்சன் மருந்து, மனநல மருந்து, ஸ்டென்ட் வைத்தபின் தரும் ரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து, தைராய்டு, இன்சுலின் எதையும் நாமாகத் தொடக்கூடாது. பாண்டப்ரசோலைக்கூடத் திடீரென விட்டால் சில வாரம் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து, 'பாத்தியா, மாத்திரை இல்லாம முடியல' என்று நம்ப வைத்துவிடும்.

குறைப்பது என்பது ஒரு வைத்தியம். அதற்கு முறை உண்டு. எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் கொட்டிப் பட்டியல் எடுப்பது. ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பது. பலன் குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் இருப்பதை முதலில் எடுப்பது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்; தேவையானதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது. பிறகு பிரஷர், சர்க்கரை, தூக்கம், நடை எல்லாம் எப்படி இருக்கிறது என்று வாரக்கணக்கில் பார்ப்பது. சரிவரவில்லையா, திரும்பத் தொடங்குவது. இதற்கான பட்டியல்களும் இருக்கின்றன: 1991 முதல் அமெரிக்காவில் பியர்ஸ் பட்டியல், 2008 முதல் அயர்லாந்திலிருந்து ஸ்டாப் பட்டியல். இரண்டையும் 2023-இல் புதுப்பித்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெரிய நிபுணர் தேவை என்றில்லை. கனடாவின் கியூபெக்கில் மருந்துக்கடைக்காரர்களே இதைச் செய்தார்கள். முதியவர்களுக்கு அவர்கள் சாப்பிடும் தூக்க மாத்திரை மாதிரியான மருந்தைப் பற்றி எளிய மொழியில் ஒரு துண்டுப் புத்தகம் கொடுத்தார்கள்; டாக்டருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் 43 விழுக்காட்டினர் அந்த மருந்தை விட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12 விழுக்காடு. 2018-இல் வந்த முடிவு இது. தமிழில் நாலு பக்கம் அச்சடிக்க நமக்கு எவ்வளவு செலவாகும்?

*

ஆகவே அரசிடம் கேட்பது இவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வாங்கும் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் வருஷத்தில் ஒருநாள் 'பை பார்க்கும் நாள்'. தன்னார்வலர் வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், தனியாரில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் சேர்த்து, ஒரே தாளில் எழுதட்டும். வட்டார அளவில் ஒரு மருத்துவரும் ஒரு மருந்தாளுநரும் அதைப் பார்க்கட்டும். சந்தேகம் வந்தால் கிண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் வீடியோவில் கேட்கட்டும். கண்டாச்சிபுரம் நோட்டில் எழுதியதை ஜிப்மரிலும் திருவண்ணாமலையிலும் படிக்க முடிகிற மாதிரி ஒரே நோட்டு இருக்கட்டும். தூக்க மாத்திரைப் பதிவேட்டை மருந்து ஆய்வாளர் நிஜமாகவே திறந்து பார்க்கட்டும். நிறுத்திய டாக்டருக்குப் பாதுகாப்பாக, ஏன் நிறுத்தினோம் என்று எழுதிக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கும் ஒரு படிவம் இருக்கட்டும்.

கடைசியாக நம்மிடம். இந்தப் பக்கத்தைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் பேரன், பேத்தி. மாதம் ஒரு தடவை ஆன்லைனில் 'ரிபீட் ஆர்டர்' அழுத்துகிற விரல் உங்களுடையது. போனில் நாம் கேட்பது என்ன? 'மாத்திர போட்டியா?' அதற்கு 'போட்டேன்டா' என்று வந்துவிட்டால் நமக்கு நிம்மதி. தூரத்தில் இருக்கும் குற்ற உணர்ச்சிக்கு அந்த மாத்திரை ஒரு மருந்து. முழுங்குகிறவர் மட்டும் வேறு ஆள். ஒரு மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டர் கேட்டால் முதலில் பதறுவதும் நாம்தான்: 'செலவப் பத்தி இல்ல டாக்டர், எதுக்கும் குடுத்துடுங்க.' அந்த 'எதுக்கும்' என்ற சொல்லில்தான் பாதி பை நிறைகிறது.

வள்ளுவர் மருந்துக்கென்று ஒரு அதிகாரம் வைத்தவர். அதன் கடைசிக் குறளில் வைத்தியத்தை நாலு பங்காகப் பிரிக்கிறார்; நோயாளி, மருத்துவர், மருந்து இவற்றோடு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவரும் அதில் ஒரு பங்கு. நாம் அந்த நாலாவது பங்கை மெடிக்கல் ஷாப்புக்கு அவுட்சோர்ஸ் செய்துவிட்டோம்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோடு ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். பையைப் பாயில் கொட்டுங்கள். காலாவதியானதைத் தனியாக வையுங்கள். மற்றதில் ஒவ்வொரு அட்டையின் பெயரையும், அதற்குள் இருக்கும் மருந்தின் பெயரையும், எப்போதிருந்து, யார் எழுதியது என்பதையும் எழுதுங்கள். எதையும் நீங்களே நிறுத்தாதீர்கள். அந்தத் தாளோடு தாத்தாவையோ ஆயாவையோ கூட்டிக்கொண்டு, அவர்களை நன்றாகத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போய் நாலு கேள்வி கேளுங்கள்: இது எதுக்கு? இன்னும் வேணுமா? இதனால என்ன கெடுதல் வரலாம்? குறைக்கிறதுன்னா எப்படிக் குறைக்கிறது? கோபப்படுகிற டாக்டர் இருப்பார். நின்று பதில் சொல்கிறவரும் இருப்பார். அப்படி ஒருவரை ஊரில் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது, பத்து அட்டை வாங்கி அனுப்புவதைவிடப் பெரிய உதவி.

அதோடு ஆயாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள். தலை சுற்றுதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறாங்க, எதைச் சாப்பிட்டா நாக்கு கசக்குது, மிச்சம் இருக்கிற நாளில் என்ன பண்ணணும்னு ஆசைன்னு. சீட்டு எழுதிய ஐந்து பேரில் ஒருவரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். எந்த மாத்திரை முதலில் போகணும் என்பதற்கான விடை பெரும்பாலும் அந்தப் பதிலில்தான் இருக்கும்.